கேவி முதல் வகுப்பு: குலுக்கலுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள்

2023-ல் கேந்திரிய வித்யாலயா (கேவி) முதல் வகுப்புக்கான குலுக்கலில் என் மூத்த மகளுக்குப் பெயர் வந்தது. முதல் பட்டியலிலேயே வந்துவிட்டது. வீட்டில் கேசரி கிண்டினோம். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் கவரில் எல்லாக் காகிதத்தையும் அடுக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்து சாதிச் சான்றிதழில் நின்றார். "இது ஸ்டேட் சர்டிபிகேட் மேடம். ஓபிசி சர்டிபிகேட் எங்கே?" என்றார். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. பிசி என்று பச்சையாக எழுதித் தாசில்தார் கையெழுத்தும் இருக்கிறதே என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார்: மத்திய அரசுப் பள்ளிக்கு மத்திய அரசு வடிவத்தில் உள்ள ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ்தான் வேண்டுமாம். கொடுத்த கெடுவுக்குள் எங்களால் அந்தச் சான்றிதழை வாங்க முடியவில்லை. இடம் காத்திருப்புப் பட்டியலில் இருந்த வேறொரு குழந்தைக்குப் போயிற்று. பள்ளிக்காரர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நாங்கள்தான் குலுக்கலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு வருடம் கழித்து மகனுக்கு விண்ணப்பித்தபோது நாலு மாதம் முன்னாடியே ஆரம்பித்தேன். அந்த நாலு மாதத்தில் கற்றதுதான் இது. மத்திய அரசு வேலையோ ராணுவப் பின்னணியோ இல்லாத, தனியார் கம்பெனிச் சம்பளக் குடும்பத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பாதி பயன்படும்.

முதல் படி: எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

கேந்திரிய வித்யாலயாவில் "குலுக்கல்" என்று சொன்னதும் எல்லாப் பெயரையும் ஒரே பானையில் போட்டு எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் சொல்லியிருக்கும் குடவோலை முறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறுவன் குடத்திலிருந்து ஓலையை எடுப்பான் என்பதுதான் நமக்குப் பாடத்தில் நினைவிருக்கிறது. ஆனால் அந்த ஓலையில் பெயர் ஏறுவதற்கே கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது என்று பெரிய சல்லடை இருந்தது. கேவியிலும் சல்லடை முதலில், குடம் அப்புறம்.

சல்லடை இப்படி. சாதாரண கேவிகளில் ஐந்து முன்னுரிமைப் பிரிவுகள் உண்டு. முதலில் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளும் முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகளும். இரண்டாவது மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள், தன்னாட்சி அமைப்புகளின் ஊழியர்கள். மூன்றாவது மாநில அரசு ஊழியர்கள். நான்காவது மாநிலப் பொதுத்துறை. ஐந்தாவதுதான் நாம், மற்ற எல்லோரும். முதல் நான்கு பிரிவுகளில் பெற்றோர் கடந்த 7 ஆண்டுகளில் எத்தனை முறை மாற்றலானார் என்பதை எண்ணி, அதிக மாற்றல் உள்ளவருக்கு முதலிடம் தருவார்கள். சமமாக வந்தால் மட்டுமே சீட்டுக் குலுக்கல்.

இதை வைத்துப் பார்த்தால் சென்னை, மதுரை மாதிரி ஊர்களில் பொது இடங்கள் முதல் பிரிவிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஐந்தாம் பிரிவுக்காரர் அந்த வரிசையில் நின்று ஏமாறக் கூடாது.

நமக்கு இருக்கும் கதவு வேறு. கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்டிஇ) முதல் வகுப்பு இடங்களில் 25 சதவீதத்தைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள். ஒரு செக்ஷனுக்கு 40 இடம் என்று வைத்துக்கொண்டால் 10. இதற்கு எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயர் (வசதி படைத்த மேல்தட்டு) இல்லாத ஓபிசி, பொருளாதாரத்தில் நலிந்தவர், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் எல்லோரையும் சேர்த்து ஒரே குலுக்கல். பெற்றோர் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதற்கு இங்கே மதிப்பில்லை, பள்ளிக்கு அருகில் குடியிருந்தால் போதும். உண்மையான குலுக்கல் என்று நான் சொல்வது இதைத்தான். இது போக எஸ்சி 15, எஸ்டி 7.5, ஓபிசி 27 சதவீத இட ஒதுக்கீடு உண்டு.

ஒற்றைப் பெண் குழந்தைக்கு முதல் வகுப்பில் ஒரு செக்ஷனுக்கு இரண்டு இடம் வரை கூடுதலாகத் தருகிறார்கள். வீட்டில் ஒரே பெண், வேறு பிள்ளை இல்லை என்றால் இதை விட்டுவிடாதீர்கள். உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள்.

எம்பி கடிதம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஓர் எம்பி 10 பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கலாம் என்றிருந்த ஒதுக்கீடு 2022 ஏப்ரலில் ரத்தாகிவிட்டது. இன்னமும் அதை விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒருவர் கேட்டார், தொகையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

இன்னொரு குழப்பம்: தனியார் பள்ளிகளில் ஆர்டிஇ-யின் கீழ் எல்கேஜிக்கு நடக்கும் 25 சதவீதக் குலுக்கல் மாநில அரசு நடத்துவது, விண்ணப்பமும் தனி. இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான், வேறு சம்பந்தம் இல்லை.

இரண்டாம் படி: வயதுக் கணக்கு

கேவியில் முதல் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 வயது முடிந்திருக்க வேண்டும், ஏப்ரல் 1-ல் பிறந்தவர்களுக்கும் இடமுண்டு. உச்ச வரம்பு 8. உதாரணமாக 2026-27 சேர்க்கைக்கு 2020 ஏப்ரல் 1 அன்றோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் 5 வயது முடிந்ததும் முதல் வகுப்பு. இங்கேதான் சிக்கல். யுகேஜி முடித்த குழந்தைக்கு ஐந்தரை வயது ஆகியிருக்கும், கேவியில் சேர முடியாது. அடுத்த வருடம் சேரலாம், ஆனால் அதற்குள் வேறு பள்ளியில் முதல் வகுப்பு முடித்திருப்பாள். மறுபடி முதல் வகுப்பு. சில குழந்தைகளுக்கு அது ஒன்றுமே இல்லை, சில குழந்தைகள் "நான் ஃபெயிலாம்மா?" என்று கேட்பார்கள். என் மகன் கேட்டான். கேவியில் எல்லோருக்கும் அந்த வயதுதான் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று. விண்ணப்பிக்கும் முன்பே இதை வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

சில கேவிகளில் பால்வாட்டிகா என்ற மழலையர் வகுப்புகள் 2022-23 முதல் இருக்கின்றன. அங்கே 3 வயது முடிந்ததும் சேரலாம். அதன் கடைசி வகுப்பான பால்வாட்டிகா 3 முடித்த குழந்தை அதே பள்ளியில் நேராக முதல் வகுப்புக்குப் போய்விடும். அதனால் அந்தப் பள்ளிகளில் முதல் வகுப்புக்குப் புதிதாகக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. உங்கள் பகுதிக் கேவியில் பால்வாட்டிகா உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் அந்தக் குலுக்கலுக்கே போவது மேல்.

மூன்றாம் படி: இந்தப் பள்ளி வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்

செலவைப் பார்த்தால் கேவிக்கு ஈடே இல்லை. முதல் வகுப்பில் கல்விக் கட்டணம் கிடையாது. வித்யாலய விகாஸ் நிதி என்று மாதம் 500 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுகிறோம். ஆர்டிஇ-யில் சேரும் குழந்தைக்கு அதுவும் இல்லை. சிபிஎஸ்இ பாடத்திட்டம், பெரிய மைதானம், ஊர் மாறினால் இன்னொரு கேவிக்கு மாறிக்கொள்ளலாம்.

ஆனால் தமிழ் கட்டாயப் பாடம் அல்ல. ஆறாம் வகுப்புக்கு மேல், ஒரு வகுப்பில் 15 பேராவது கேட்டால், பகுதி நேர ஆசிரியரை வைத்து விருப்பப் பாடமாகச் சொல்லித்தர வழி இருக்கிறது. அவ்வளவுதான். சின்ன வகுப்புகளில் ஆங்கிலமும் இந்தியும்தான். என் மகள் பக்கத்து அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கிறாள், செய்தித்தாளை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறாள். மகனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே அ, ஆ எழுதச் சொல்லித்தருகிறேன், அவன் பேனாவை வைத்துவிட்டு ஓடப் பார்க்கிறான். இதை முன்பே தெரிந்துகொண்டு சேர்ப்பது நல்லது. சேர்த்த பிறகு வருத்தப்படுகிற பெற்றோரை வாசலில் நிறையப் பார்க்கிறேன்.

நான்காம் படி: காகிதங்கள் (டிசம்பரிலேயே தொடங்குங்கள்)

இதுதான் எல்லாவற்றிலும் நீளமான வேலை. விண்ணப்பப் பதிவு வழக்கமாக மார்ச்சை ஒட்டித் தொடங்கும். 2025-ல் மார்ச் 7 முதல் 21 வரை இருந்தது. இரண்டு வாரம்தான். அந்த இரண்டு வாரத்தில் தாசில்தார் அலுவலகத்துக்கு அலைய முடியாது.

ஓபிசி சான்றிதழ். நாங்கள் விழுந்த பள்ளம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் கையில் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநில அரசு இட ஒதுக்கீட்டுக்கானது. கேவி மத்திய அரசுப் பள்ளி. அங்கே கேட்பது மத்திய அரசு வடிவத்தில் உள்ள ஓபிசி சான்றிதழ், கிரீமி லேயர் இல்லை என்ற குறிப்போடு. இ-சேவை மையத்தில் இதற்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது. "கம்யூனிட்டி சர்டிபிகேட்" என்று கேட்டால் மாநிலச் சான்றிதழுக்கே பதிவு செய்துவிடுவார்கள். "ஓபிசி, சென்ட்ரல் கவர்ன்மென்ட்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், கணினித் திரையையும் எட்டிப் பாருங்கள்.

அதற்கு முன் உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை. பெயரின் எழுத்துக்கூட்டல் மாறினாலும் கேள்வி வரும். கிரீமி லேயருக்கு 8 லட்சம் என்ற வரம்பைக் கேட்டதுமே பலர் "நமக்கு இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். எந்த வருமானம் அந்தக் கணக்கில் சேரும், எது சேராது என்பதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. விவசாய வருமானம் சேராது. அரசு ஊழியருக்குச் சம்பளத்தைவிடப் பதவியின் நிலைதான் முக்கியம். உங்கள் நிலையைச் சொல்லி தாலுகா அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சான்றிதழைக் குழந்தையின் பெயரிலேயே வாங்கிவிடுங்கள். பெற்றோர் பெயரில் இருப்பதை முதலில் ஏற்றுக்கொண்டு, குழந்தையின் சான்றிதழைக் கொடுக்க மூன்று மாதம் அவகாசம் தரவும் விதி இருக்கிறது. எங்களிடம் இரண்டுமே இல்லை என்பதுதான் கதை.

பிறப்புச் சான்றிதழ். எடுத்துப் பாருங்கள், அதில் குழந்தையின் பெயர் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் பதிந்தபோது பெயர் வைத்திருக்க மாட்டோம். அப்பா, அம்மா பெயர் மட்டும் இருக்கும், குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு. பிறந்து ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமலும், அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். அப்புறம் நம்மூர் இனிஷியல் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், ஆதாரில் பெயருக்கு முன்னால் இனிஷியல், சாதிச் சான்றிதழில் பின்னால் அப்பாவின் முழுப் பெயர். மூன்றையும் ஒரே மேசையில் பரப்பி வைத்துப் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் முதலில் ஆதாரை மாற்றுங்கள், அதுதான் சுலபம். விண்ணப்பத்தில் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள்.

முகவரிச் சான்று. வாடகை வீடாக இருந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து வையுங்கள், ஆதார் முகவரியும் பழைய ஊரிலேயே இருக்கக் கூடாது.

நலிந்த பிரிவில் விண்ணப்பிப்பவர்கள் வருமானச் சான்றிதழ் வாங்க வேண்டும். வரம்பு மாநில அரசு சொல்வதுதான். தமிழ்நாட்டில் கல்வி உரிமைச் சட்டத்துக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள்.

மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: மாற்றல் விவரம் எழுதிய பணிச் சான்றிதழில் அலுவலக முத்திரையும் அதிகாரியின் கையெழுத்தும் வேண்டும். ஓர் ஊரில் குறைந்தது ஆறு மாதம் இருந்திருந்தால்தான் அந்த மாற்றல் கணக்கில் சேரும். பக்கத்து அலுவலகத்துக்குப் போனதையெல்லாம் எழுதிவிட்டுச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாம் படி: தூரம் அளந்து பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு விண்ணப்பத்தில் மூன்று கேவிகள் வரை குறிப்பிடலாம். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். மூன்றையும் போடுங்கள். மூன்றிலும் உங்கள் விண்ணப்பம் தனித்தனியாகவே பார்க்கப்படும்.

ஆர்டிஇ குலுக்கலுக்கு, பெருநகரங்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் வீடு பள்ளியிலிருந்து 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் 8. இது சாலைத் தூரம் அல்ல, நேர்கோட்டுத் தூரம். ஆட்டோ மீட்டரில் 6.5 காட்டிய எங்கள் வீடு வரைபடத்தில் அளந்தபோது 4.6 தான் வந்தது. முதல் தடவை அந்தப் பள்ளியைத் தூரம் என்று விட்டுவிட்டோம். இரண்டாம் தடவை அதில்தான் கிடைத்தது. கூகுள் மேப்பில் பள்ளியின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் நேர்கோட்டில் அளக்கும் வசதி வரும்.

தூரத்தைக் குறைத்துக் காட்ட உறவினர் வீட்டு முகவரியைக் கொடுக்கச் சொல்லி யோசனை வரும். வேண்டாம். பொய் என்று தெரிந்தால் சேர்க்கையையே ரத்து செய்வார்கள்.

எல்லாக் கேவியும் ஒன்று போல இல்லை என்பதையும் பாருங்கள். சென்னை ஐஐடி வளாகக் கேவி போல ஒரு நிறுவனத்துக்காக நடக்கும் பள்ளிகளில் அந்த நிறுவன ஊழியர்களின் பிள்ளைகளுக்குத்தான் முதல் உரிமை. பெயர் பெற்ற பள்ளிகளில் கூட்டமும் அதிகம். ஒவ்வொரு கேவியும் சென்ற ஆண்டின் தேர்வுப் பட்டியலையும் காத்திருப்புப் பட்டியலையும் தன் இணையதளத்தில் போட்டிருக்கும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள்: ஆர்டிஇ பிரிவில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், காத்திருப்பில் எத்தனையாவது எண் வரை கூப்பிட்டார்கள். நான் ஒரு பழைய நோட்டில் மூன்று பத்தியாக எழுதி வைத்தேன். எல்லோரும் ஓடுகிற பள்ளியைவிட, பஸ் வசதி குறைவான ஒரு பள்ளியில் பட்டியல் இரண்டு மடங்கு இறங்கியிருந்தது. என் மூன்றில் ஒன்று அது.

ஆறாம் படி: விண்ணப்பம்

முதல் வகுப்புக்கு ஆன்லைனில் மட்டும்தான் பதிவு, கட்டணம் இல்லை. முந்துபவருக்கு முன்னுரிமையும் இல்லை, எனவே முதல் நாள் தளம் திணறும்போது மல்லுக்கட்ட வேண்டாம். அதற்காகக் கடைசி ராத்திரி வரைக்கும் விட்டுவிடவும் வேண்டாம்.

முதலில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, மொபைல் எண், மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஓடிபி வரும், அதன் பிறகு உள்நுழையும் குறியீடு கிடைக்கும். அதை வைத்து உள்ளே போய் விவரங்களை நிரப்பி, பள்ளிகளைத் தேர்ந்து, படத்தையும் சான்றிதழ்களையும் ஏற்ற வேண்டும். புகைப்படமும் பிறப்புச் சான்றிதழும் ஒவ்வொன்றும் 256 கேபிக்குள் இருக்க வேண்டும். போனில் எடுத்த படம் 3 எம்பி இருக்கும், ஏறாது. முந்தின நாளே அளவைக் குறைத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துவிடுங்கள்.

சேமித்தால் மட்டும் விண்ணப்பம் போய்ச் சேராது. கடைசியில் சமர்ப்பித்து, சமர்ப்பிப்புக் குறியீடு வந்த பிறகுதான் வேலை முடிந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். பிரவுசிங் சென்டரில் செய்தால் உங்கள் எண்ணையே கொடுங்கள், கடைக்காரரின் எண்ணை அல்ல. ஓடிபி கடைக்காரருக்குப் போய், கடை பூட்டியிருந்த கதை எங்கள் பகுதியில் நடந்தது.

பிரிவுகளை டிக் செய்யும்போது நிதானம் வேண்டும். ஓபிசி குடும்பம் அதைக் குறிக்காமல் விட்டால் ஆர்டிஇ குலுக்கலில் பெயரே வராது. கையில் சான்றிதழ் இல்லாமல் டிக் செய்தால் 2023-ல் எங்களுக்கு நடந்தது நடக்கும்.

ஏழாம் படி: பட்டியல் வந்த பிறகு

பட்டியல்கள் கட்டம் கட்டமாக வரும். 2025-ல் முதல் பட்டியல் மார்ச் 25-ல் வந்தது. போன் வரும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள்தான் தளத்தையும் பள்ளி அறிவிப்புப் பலகையையும் பார்க்க வேண்டும். பெயர் வந்தால் அது தற்காலிகத் தேர்வுதான், சொன்ன தேதிக்குள் அசல் சான்றிதழ்களைக் காட்டினால்தான் இடம் உறுதி. இரண்டு செட் நகல், குழந்தையின் படம் ஆறு, ஒரு பசை. பசை மறந்தவர்கள்தான் அங்கே மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

காத்திருப்பில் வந்தால் சோர வேண்டாம். மூன்று பள்ளியிலும் தேர்வாகும் குழந்தை ஒன்றில்தான் சேரும், மற்ற இரண்டு இடம் கீழே இறங்கும். சான்றிதழ் இல்லாமல் விழுபவர்களின் இடமும் இறங்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் காத்திருப்பு எண் தனி. ஆர்டிஇ-யில் 9 என்றால் அந்த வரிசையில் மட்டும்தான் 9. மகனுக்கு 7 வந்தது, இரண்டாம் பட்டியலில் கூப்பிட்டார்கள்.

ஒதுக்கீட்டு இடங்களுக்குப் போதிய விண்ணப்பம் வராத பள்ளிகள் பிறகு நேரடியாகப் பள்ளியிலேயே பதிவுக்கு அறிவிப்புப் போடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் வாரம் ஒருமுறை பள்ளி இணையதளத்தைப் பாருங்கள். நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே இருக்கும் கேவிகளில் இந்த வாய்ப்பு அதிகம்.

இதற்கிடையில் இன்னொரு பள்ளியில் இடத்தை உறுதி செய்துவிடுங்கள். கேவியை நம்பி ஜூன் வரை காத்திருந்துவிட்டுப் பக்கத்துப் பள்ளியில் நாற்காலி இல்லை என்று நிற்கக் கூடாது. அரசுப் பள்ளியில் சேர்த்து வைத்தால் கட்டணம் போகாது, மாற்றுச் சான்றிதழும் தொந்தரவில்லாமல் கிடைக்கும்.

கிடைக்கவில்லை என்றால்

இரண்டாம் வகுப்பு முதல் குலுக்கல் தளமே கிடையாது. காலி இடம் இருந்தால் மட்டும் பள்ளியிலேயே விண்ணப்பம் வாங்கி நிரப்பிக் கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை நுழைவுத் தேர்வு இல்லை, அதே முன்னுரிமை வரிசைதான். ஒன்பதாம் வகுப்புக்குத் தேர்வு உண்டு. மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் அதிகம் உள்ள ராணுவ, விமானப்படை வளாகப் பள்ளிகளில் நடு வகுப்புகளில் இடம் காலியாவது உண்டு. ஏப்ரல் முதல் வாரம் காலையில் பள்ளி அலுவலகத்துக்குப் போய் எந்த வகுப்பில் காலி என்று கேளுங்கள். பலகையில் ஒட்டியிருப்பார்கள், ஆனால் கேட்டால் எந்தப் பிரிவில் எத்தனை என்றும் சொல்வார்கள். போகும்போது அந்த ஓபிசி சான்றிதழையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.